ஓரங்குலனார் நிலைவாசல் காத்த படலம்

வாழ்க ஓரங்குலனார்.

மரங்கண்டால் மயங்கும் மாண்பினர். கண்ணாடி கண்டால் கனலும் சினத்தினர். இடுப்பின் வலப்புறம் அளவுநாடாவும் இடப்புறம் கைப்பேசியும் செருகிய இருபடைக் காவலர். பகலெல்லாம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு மேலாளராக அமர்ந்து, பிறர் வீடு தீப்பற்றினால் என்ன செய்வதென்று சிந்தித்து, மாலையானதும் தம் வீட்டுக்கு எந்த மரம் ஏற்றதென்று சிந்தித்த இருபொழுதுச் சிந்தனையாளர். அப்பெருந்தகை, தம் குடும்பம் குடிபுகும் நாளில், தாம் கட்டிய வீட்டின் வாசலில், தம் மனைவியின் குளிர்பதனப் பெட்டியை எதிர்நின்று பொருத பெரும்போரின் வரலாற்றை, உள்ளது உள்ளபடியும் இல்லாதது இருந்திருக்க வேண்டியபடியும் இங்கே உரைக்கப் புகுந்தோம்.

காவியம் தொடங்குவோர் முதலில் ஒரு தெய்வத்தைத் துணைக்கு அழைப்பர். நாம் அளவுநாடாவை அழைக்கிறோம். வட்டக் கூட்டுக்குள் சுருண்டு கிடந்து, இழுத்தால் பாய்ந்து, விட்டால் சரேலென உள்வாங்கி, போகிற போக்கில் கட்டைவிரலையும் ஒரு கடி கடித்துச் செல்லும் மஞ்சள் நாகமே, வருக. சுவரை அளந்தாய், தூணை அளந்தாய், தூணுக்குக் கீழே படுத்திருந்த பூனையையும் ஒருமுறை அளந்தாய். இத்தனையும் அளந்த நீ அளக்காமல் விட்ட பொருள் ஒன்று உண்டு. அது எது என்பதை இன்னும் சற்று நேரத்தில் ஊரே அறியப்போகிறது. அதுவரை சுருண்டே கிட.

ஓரங்குலனார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. வீடு எழுந்துகொண்டிருந்த நாளெல்லாம், சாரத்தின் கீழே நின்று அண்ணாந்து, "ஒரு அங்குலம்கூட மாறக் கூடாது" என்று அவர் முழங்கிய முழக்கத்துக்குக் கொத்தனாரும் தச்சரும் கூடிப் பேசிச் சூட்டிய விருதுப்பெயர் அது. முகத்துக்கு நேரே சார் என்பார்கள். முகம் திரும்பியதும் ஓரங்குலம் என்பார்கள். 'ஆர்' விகுதி நாம் சேர்த்தது. காவியத் தலைவருக்கு அவ்வளவாவது செய்ய வேண்டாமா?

இனி நாட்டு வளமும் நகர வளமும் பாடுவது முறை. ஆயினும், தெருவை அடைத்துக் கிடந்த நம் தலைவரின் மணற்குவியலைப் பற்றி அண்டை வீட்டார் பாடிய பாடல்களே ஏடு கொள்ளாத அளவுக்கு இருப்பதால், அதை விடுத்து நேரே வீட்டுக்குள் நுழைவோம்.

நுழையும்போது தலையைக் குனிக.

குனிக என்றது வெறும் எச்சரிக்கையன்று. இக்காவியத்தின் உயிர்நாடி அதுவே. இத்தனை தேக்கும், இத்தனை தூணும், வானம் பார்த்த முற்றமும், ஓடு வேய்ந்த கூரையும், முட்டையோடு போல் வழுவழுத்த சுண்ணாம்புச் சுவரும் எழுந்தது ஒரே ஒரு தலை குனிவதைக் காண்பதற்காக. அது சகலையின் தலை.

தலைவியின் அக்காளை மணந்தவர், ஆகவே தலைவருக்குச் சகலை, ஆகவே பிறவிப் பகைவர். நெடிய உருவினர்; நிமிர்ந்தே நடப்பவர்; எதைக் கண்டாலும் "நம்ம வீட்டுல இது இன்னும் பெருசு" என்பவர். அவரும் முன்பே ஒரு வீடு கட்டியிருந்தார். முன்புறம் முழுதும் கண்ணாடி. கை தட்டினால் விளக்கு எரியும். தட்டாவிட்டாலும் சிலபோது எரியும். அந்த வீட்டுக்கு முதன்முதல் சென்ற நாளில், துடைத்து வைத்த கண்ணாடிக் கதவைத் திறந்த வாசலென்று மயங்கிய நம் தலைவர், கைநிறையப் பழங்களும் முகம்நிறையப் புன்னகையுமாக நேரே நடந்து, மூக்கால் அக்கதவை முட்டினார். பழங்கள் உருண்டன. உறவினர் கூட்டம் வாயைப் பொத்தியது. சகலையோ மூக்கைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தபடி, "பாத்து சகலை, கீறிடப் போகுது" என்றார்.

அன்று பிறந்தது ஒரு சூளுரை. தாமும் ஒரு வீடு கட்டுவது. அதில் முன்னோர் மரபுப்படி ஒரு தாழ்ந்த நிலைவாசல் வைப்பது. அதன் வழியே அந்த நெடியோன் தலைகுனிந்து நுழைவதை உள்ளே நின்று கண்குளிரக் காண்பது.

அத்தகைய வாசலைத் தேடி, இடித்த வீடுகளின் மரங்களை விற்கும் கிடங்குகள் தோறும் தலைவர் அலைந்தார். கடைசியில் ஒரு கிடங்கின் மூலையில், உடைந்த மேசைகளுக்கும் ஊமைக் கடிகாரங்களுக்கும் நடுவே அது நின்றது. கருகருவென்ற நிலை, காலைத் தூக்கித் தாண்ட வேண்டிய வாசற்படி, மேற்கட்டையில் ஓடிய பூங்கொடி, இரு மூலையிலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரு கிளிகள், பித்தளைக் குமிழ்கள் புடைத்த இரட்டைக் கதவு. அதன் அழகில் மெய்ம்மறந்து ஓரடி முன்வைத்த தலைவரின் நெற்றி மேற்கட்டையில் மோதி, கிடங்கு முழுதும் எதிரொலித்தது. வலியில் கண்ணீர் வழிய, "இதுதான்" என்றார் தலைவர்.

"சார், நெத்தியில ரத்தம்" என்றார் கிடங்குக்காரர்.

"பரவாயில்ல. அவன் என்னவிட உயரம்" என்றார் தலைவர். கிடங்குக்காரருக்கு விளங்கவில்லை. நமக்கு விளங்கும்.

வாசலுக்கு ஏற்ற வீடு எழுந்தது. பிறர் வீடு கட்டி வாசல் வைப்பர். நம் தலைவர் வாசலை நிறுத்தி அதைச் சுற்றி வீடு கட்டினார். கொல்லைப்புறக் கதவும் அதே கிடங்கிலிருந்து வந்ததே. அது இன்னும் குறுகலானது. மரபு மணக்க வேண்டிய அவ்வீட்டில் மின்கம்பியின் நிழலும் படலாகாது என்பது அரசாணை. கூடத்து மின்விசைகள் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் சிறைவைக்கப்பட்டன. சமையலறையைப் பற்றிக் கேட்க வந்த மின்பணியாளரிடம் தலைவர் திருவாய் மலர்ந்தருளியது வருமாறு: "அடுப்படியின் புனிதச் சுவரில் பிளாஸ்டிக்கின் கறை படிய விடோம். ஒரு அங்குலம் ஒயர்கூடக் கண்ணில் படக் கூடாது."

மின்பணியாளரோ, "சரி சார், எனக்கு வேலை மிச்சம்" என்று திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டார். இச்சொற்களை வாசகர் மறவாதிருப்பாராக. தலைவர் மறந்துவிட்டார்.

இப்போது தலைவியைப் பாடுவோம். கணவர் தூண்களைத் தடவிக்கொண்டிருந்த காலமெல்லாம் வாடகை வீட்டின் வெக்கையில் சமைத்துக்கொண்டிருந்தவர் அவர். புதிய வீட்டின் கட்டிலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. பஞ்சில்லாத மர இருக்கைகளைப் பற்றியும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே. "உங்க தூண், உங்க கிளி, எல்லாம் இருக்கட்டும். என் ஃப்ரிட்ஜ் என் சமையல்கட்டுல இருக்கணும். அது இல்லாம நான் உள்ள வர மாட்டேன்."

"நம் முன்னோர் ஃப்ரிட்ஜ் வைத்தா வாழ்ந்தனர்?" என்றார் தலைவர்.

"உங்க முன்னோர் மூணு வேளையும் புதுசா சமைச்சாங்க. நீங்க சமைக்கறீங்களா?"

வரலாற்று ஆய்வு அத்துடன் நின்றது. உடன்படிக்கை ஒப்பேறியது. "பிளக் பாயிண்டு வெச்சிருக்கீங்கல்ல?" என்று தலைவி கேட்டபோது, "எல்லாம் மறைவா இருக்கு" என்று தலைவர் பெருமிதத்தோடு உரைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கோ மறைவாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பினார்.

குடிபுகும் நாள் விடிந்தது. மாலையில் சகலை வருவதாகச் செய்தி. காலையில் லாரி வந்தது. மேசை நாற்காலி, பாத்திரம் பண்டம், துணிமூட்டை யாவும் சிறுபடை போல் எளிதில் உட்புகுந்தன. இறுதியாக, பட்டத்து யானை போல் இறங்கியது தலைவியின் குளிர்பதனப் பெட்டி. வெண்பனி வண்ணம்; விம்மிய மேனி; இரட்டைக் கதவு; மகள் சிறுமியாயிருந்தபோது ஒட்டி இன்னும் உரிபடாத ஒரு வாத்துப் படம் நெற்றிப்பட்டமாய் ஒளிர, கயிறுகள் பூண்ட அக்களிறு தெருவில் நின்ற தோற்றத்தைக் கண்டு எதிர்வீட்டு நாய் ஒருமுறை குரைத்துப் பின் யோசித்து அமர்ந்தது.

கோட்டையை முற்றுகையிடுவோர் உழிஞைப் பூவும் காப்போர் நொச்சிப் பூவும் சூடுவது பண்டை மரபு. இங்கே முற்றுகையிட வந்த சுமைப்படையினர் துண்டைச் சுருட்டித் தலையில் சூடினர். கோட்டை காக்கும் தலைவர் எதையும் சூடவில்லை. ஆனால் நெற்றியில் முந்தைய மோதல்களின் விழுப்புண்கள் வரிசையாக இருந்தன. ஏனெனில் அந்த வாசலில் இதுவரை முட்டிய தலை ஒன்றே. அது அவருடையது.

முதல் தாக்குதல் தொடங்கியது. சுமைப்படைத் தலைவர், தோள் அகன்று வாய் சிவந்தவர், "கொஞ்சம் சாய்ச்சி, மெதுவா, மெதுவா" என்று குரல் கொடுக்க, களிறு மத்தகத்தைத் தாழ்த்தி மேற்கட்டையைக் கடந்தது, வாசற்படியையும் கடந்தது, பின் இருபுறமும் குமிழ்க் கதவுகளில் இடித்து நின்றது. சுவர் மரபுப்படி தடிமனானதால் அக்கதவுகள் முழுதும் மடங்காமல், காவலர் இருவர் போல் நிலைக்குள்ளேயே விறைத்து நிற்பவை. தள்ளினர், நகரவில்லை. அப்போதுதான் தலைவர் இடுப்பிலிருந்து மஞ்சள் நாகத்தை உருவி, வாழ்வில் முதன்முறையாகக் குளிர்பதனப் பெட்டியை அளந்தார். பின் வாசலை அளந்தார். பின் மீண்டும் பெட்டியை அளந்தார். அவர் முகம் வெளுத்தது.

"எவ்ளோப்பா குறையுது?" என்றாள் மகள், கைப்பேசியில் படம் பிடித்தபடி.

தலைவர் நாடாவைச் சரேலென உள்ளிழுத்துக்கொண்டார். சுமைப்படைத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு அங்குலம் பாப்பா" என்றார். பின்னால் நின்ற தச்சர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

களிறு வாசற்படியோரம் பின்னிழுக்கப்பட, போர்க்கால அவை கூடியது. தச்சர் முன்வந்து தம் கருத்தை உரைத்தார். "சார், நிலையில இந்தப் பக்கம் லேசா இழைச்சி விட்டா போதும். உளி இருக்கு. கால் மணி நேரம்."

கேட்டார் தலைவர், சிலிர்த்தார், வாசற்படி மேல் ஏறி நின்று, மேற்கட்டையில் தலை இடித்து, இறங்கி நின்று, ஊரறிய அறைகூவினார்: "மழை கண்டு மரித்திராத, வெயில் கண்டு விரிந்திராத, கரையானும் கண்டு கைதொழுத நிலை இது. இதில் உளி வைக்க எண்ணுவோர் முதலில் என் மேல் உளி வைக்கட்டும். ஒரு அங்குலம்கூட இழைக்க விட மாட்டேன்."

"அப்ப ஃப்ரிட்ஜ் கதவக் கழட்டிடலாமா?" என்றார் சுமைப்படைத் தலைவர்.

இம்முறை சிலிர்த்தவர் தலைவி. சேலையைச் செருகிக்கொண்டு களிற்றின் பக்கம் வந்து நின்றார். "என் கதவுல ஒருத்தர் கை வெக்கக் கூடாது. பழைய வீட்டு மாடியில இருந்தவங்க கழட்டித்தான் மாட்டினாங்க. அப்புறம் அது மூடவே இல்ல. கதவுக்கு முன்னாடி ஸ்டூலப் போட்டு, அதுமேல அரிசி மூட்டைய வெச்சாங்க. அவர் கதவு அவருக்கு ஒசத்தின்னா, என் கதவு எனக்கு ஒசத்தி."

ஆக, கதவுக்கும் கதவுக்கும் போர் மூண்டது. இருபுறமும் நியாயம், இடையே சுமைப்படை. நண்பகல் வெயில் ஏறியது. குளிரறைக்குள்ளிருந்து நீர்த்துளிகள் ஒவ்வொன்றாய் வாசற்படியில் சொட்டத் தொடங்கின. தலைவி அதை விரலால் சுட்டிக் காட்டினார். அதுவே மிகக் கொடிய கணையாகத் தைத்தது.

"சோப்புத் தண்ணி" என்றார் சுமைப்படைத் தலைவர். "ரெண்டு பக்கமும் தடவி, எல்லாரும் சேந்து ஒரே தள்ளு. போயிடும்."

இரண்டாம் தாக்குதலின் சிறப்பை எங்ஙனம் உரைப்போம்? நிலையெங்கும் நுரை பூத்தது. கிளிகள் நுரைத்தாடி தரித்தன. தலைவரும் தச்சரும் உள்ளிருந்து இழுக்கவும் சுமைப்படை வெளியிலிருந்து தள்ளவும் வகுக்கப்பட்ட வியூகத்தில், "ஒண்ணு, ரெண்டு" என்ற குரல் எழுந்ததும், மூன்று வரும் முன்னே பொறுமையிழந்த சிலர் தள்ள, களிறு கீச்சென்று அலறி, பாதி உள்ளே பாதி வெளியே, குடத்தில் தக்கை போல் வாசலை அடைத்து நின்றது. முன்னும் போகாது. பின்னும் வராது. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், கொல்லைக் கதவின் சாவி தலைவியின் கைப்பையில் இருந்தது. கைப்பை தலைவியின் தோளில் இருந்தது. தலைவி வெளியே இருந்தார்.

கோட்டையைக் காத்த கோமகன் கோட்டைக்குள் சிறைப்பட்டார்.

"சாவியைக் கொடு" என்ற அரசாணை களிற்றின் தலைக்கு மேலிருந்த இடுக்கு வழியே வெளிப்பட்டது.

"ஃப்ரிட்ஜ் உள்ள வந்ததும் நானே வந்து திறக்கறேன்" என்ற மறுமொழி அதே இடுக்கு வழியே உட்புகுந்தது.

வெளியே உணவுப் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. லாரி நிழலில் தலைவியும் மகளும் சுமைப்படையினரும் வட்டமாய் அமர்ந்து உண்டனர். மணம் இடுக்கு வழியே வந்து தலைவரின் நாசியைத் தடவியது. பொட்டலங்கள் யாவும் வெளியே இருந்தன. முழுத்தேக்கில் கடைந்த, பஞ்சில்லாத, பூவேலை முதுகில் குத்தும் மர இருக்கையில் அவரும் தச்சரும் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"நல்லாத்தான் இருக்கு சார் நாற்காலி" என்றார் தச்சர், சற்று நெளிந்தபடி. "நானே செஞ்சாலும், உக்காந்து பாத்ததில்ல."

இதற்கும் அசையாத நெஞ்சை அசைத்தது கைப்பேசி. மகள் பிடித்த படம் குடும்பக் குழுவில் ஏறியிருந்தது. நுரையும் கிளியும் அடைபட்ட யானையும் உறவுகளின் உள்ளங்கைகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சிரிக்கும் முகங்கள் வரிசையாய் வந்து விழுந்தன. அவற்றின் கீழே சகலையின் குரல்பதிவு: "சகலை, உள்ள மாட்டிக்கிட்டீங்களாமே. சாயங்காலம் வரைக்கும் எதுக்கு, இப்பவே கெளம்பிட்டேன். எங்க வீட்டுல ஒட்டகச்சிவிங்கியே குனியாம வரும், தெரியும்ல."

தலைவர் எழுந்தார். அவர் கண்முன் ஒரு காட்சி விரிந்தது: நெடியோன் வருகிறான், வாசலில் குனிய வேண்டியவன் குனியவில்லை, ஏனெனில் வாசலில் யானை, இடுக்கு வழியே உள்ளே பார்க்கிறான், உள்ளே பசித்த முகத்துடன், கூண்டுக் கிளி போல், தாம். பன்னாள் தவம் ஒரு பகலில் பாழாவதா?

"தச்சரே, கதவை மட்டும் கழற்ற முடியுமா? நிலையைத் தொடாமல்?"

"கழட்டுறதுன்னு இல்ல சார். பழைய கதவு. கீல் கெடையாது, குழியில செருகின குடுமியிலதான் நிக்குது. ஒருத்தர் தூக்கினா வந்துரும்."

"காலையிலேயே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க நிலையப் பத்தி பேசிட்டிருந்தீங்க சார். நானும் அதையே யோசிச்சிட்டிருந்துட்டேன்."

நிலை வேறு, கதவு வேறு. நிலை நின்றால் மானம் நின்றது. கதவு வந்து போவது, மாட்டினால் மாட்டிக்கொள்வது என்று தலைவர் ஒரு புதிய சாத்திரத்தை அக்கணமே இயற்றிக்கொண்டார். இருவரும் மூச்சைப் பிடித்து, குமிழ்க் கதவுகளைக் குடுமியோடு தூக்கி எடுத்துச் சுவரோரம் சாய்த்தனர். தடை நீங்கியது. வெளியிலிருந்து ஒரே தள்ளு. நுரை தெறிக்க, கயிறு அதிர, களிறு கூடத்துக்குள் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அதன் தோள் மூலையில் உரசியது. பட்டென்று ஒரு சிற்றோசை.

வலப்பக்கக் கிளிக்கு மூக்கு இல்லை.

அந்தோ, கொடிமேல் அமர்ந்த குலக்கிளியே, மழைக்கும் இடிபாட்டுக்கும் தப்பிய உன் அலகு ஒரு வாத்துப் படத்துக்குப் பலியானதோ என்று தலைவர் புலம்பிய புலம்பல் கல்லையும் கரைத்திருக்கும். சுமைப்படைத் தலைவர் குனிந்து அலகைப் பொறுக்கித் தச்சரிடம் கொடுத்தார். தச்சர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஒட்டிரலாம் சார். கிளிதானே, பேசவா போகுது" என்றார்.

எனினும் வெற்றி வெற்றியே. நிலை இழைபடவில்லை. களிறு சமையலறையின் வழுவழுத்த சுவரோரம், தலைவி காட்டிய இடத்தில், கம்பீரமாய் நின்றது. தலைவர் தலைவியை நோக்கினார். தலைவியும் தலைவரை நோக்கினார். பல மாதங்களுக்குப் பின் அவர் முகத்தில் ஒரு புன்னகை. "அழகாத்தான் இருக்கு" என்றார், சுவரையா பெட்டியையா என்று சொல்லாமல். பின், களிற்றின் வால் போல் தொங்கிய கருங்கம்பியைக் கையில் எடுத்தார்.

"இதை எங்க சொருகறது?"

தலைவர் புன்னகை மாறாமல், "மறைவா இருக்கும்" என்றார். தேடல் தொடங்கியது. மர அலமாரிகள் திறக்கப்பட்டன. பாத்திர மாடங்களின் உட்புறம் தடவப்பட்டது. புதையல் தேடுவோர் போல் மகள் சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தாள். கூடத்து மரப்பெட்டியில் விசைகள் மட்டும் இருந்தன. கடைசியில் மின்பணியாளரைக் கைப்பேசியில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினர்.

"சமையல்கட்டுலயா? அங்க ஒண்ணும் இல்லயே சார். ஒயரே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. மேல லைட்டு எரியுதே, அதே உங்களுக்குத் தெரியாம போட்டது."

"இப்போது போட முடியாதா?"

"போடலாம் சார். சுவத்த மேலயிருந்து கீழ வரைக்கும் வெட்டணும். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு வெட்டினா ஒட்டு தெரியும். முழுசா எடுத்துட்டு மறுபடி பூசிக்கிட்டா நல்லது."

தலைவர் சுவரைப் பார்த்தார். அதில் அவர் முகம் மங்கலாய்த் தெரிந்தது. தலைவி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நிலைக்காக மார்தட்டிய வீரரின் குரல் இப்போது காற்றுப்போன பந்து போல் வந்தது. "வேற எங்கயாவது பாயிண்டு இருக்கா?"

"வெளி வராந்தாவுல ஒண்ணு விட்டிருக்கேன் சார். தூணுக்குப் பின்னால. கொத்தனார் மெஷினுக்குப் போட்டது, எடுக்க மறந்துட்டேன்."

தலைவி கம்பியைச் சுருட்டிக் களிற்றின் மேல் வைத்தார். "சுவத்த வெட்டறீங்களா, இத வெளிய எடுக்கறீங்களா?"

பேரரசர்கள் நாடுகளை இழந்தபோதும் இவ்வளவு எண்ணியிருக்க மாட்டார்கள். வழுவழுப்பை ஒரு கையால் தடவியபடி, மிகத் தாழ்ந்த குரலில், அருகிலிருந்தோர்க்கு மட்டும் கேட்குமாறு, தம் இறுதி அறைகூவலை வெளியிட்டார் தலைவர். "சுவத்துல... ஒரு அங்குலம்கூட வேணாம்."

"சரி" என்றார் தலைவி. அவர் சினக்கவில்லை. அதுதான் அச்சமூட்டியது. "வெளியவே இருக்கட்டும். ஆனா காலங்காத்தால பாலுக்கு நான் வாசலுக்கு ஓட மாட்டேன். சொல்லிட்டேன்."

மூன்றாம் போர் போரே அன்று, பின்வாங்கல். கதவில்லா வாசல் வழியே களிறு சிரமமின்றி வெளியேறியது. "இது மொதல்லயே வெளியதானே சார் இருந்துச்சு" என்று சுமைப்படைத் தலைவர் மட்டும் ஒருமுறை முணுமுணுத்தார். வராந்தாவில், தூணோரம், செருப்புகள் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் அது நிறுவப்பட்டது. கம்பியைச் செருகினார்கள். களிறு பெருமூச்சு விட்டு உறுமத் தொடங்கியது.

அவ்வேளை தெருமுனையில் கார் வந்து நின்றது. இறங்கினார் நெடியோன். நம் தலைவரின் நெஞ்சில் கடைசிச் சுடர் ஒன்று எழுந்தது. அலகு போனால் என்ன, கதவு சாய்ந்தால் என்ன, மேற்கட்டை நிற்கிறதே. விரைந்து உள்ளே ஓடி, கூடத்தின் நடுவே, வாசலுக்கு நேரே, கைகட்டி நிமிர்ந்து நின்றார். இத்தனை நாளும் இந்த ஒரு கணத்துக்காகவே.

சகலை படியேறினார். வராந்தாவுக்கு வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வாசலை நோக்கி ஓரடி வைத்தார். தலைவர் மூச்சை அடக்கினார்.

"அட, ஃப்ரிட்ஜ்" என்றார் சகலை. நின்றார். திறந்தார். உருகியும் உருகாமலும் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து, வராந்தாப் படியிலேயே கால் நீட்டி அமர்ந்து, அண்ணாந்து கடகடவென்று குடித்தார். "உக்கார எடமும் இருக்கு, தண்ணியும் இருக்கு. எங்க வீட்டுல தண்ணிக்கு உள்ள அவ்ளோ தூரம் நடக்கணும். இங்க செருப்பக்கூட கழட்ட வேணாம். நல்ல யோசனை சகலை. உங்க முன்னோர் இப்படித்தான் வெச்சிருந்தாங்களா?"

"உள்ளே வாங்க சகலை" என்றார் தலைவர், கூடத்திலிருந்து. "வீட்டைப் பாருங்க."

"இங்கயிருந்தே நல்லாத் தெரியுது. கதவுதான் இல்லயே." புட்டியை மீண்டும் உள்ளே வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டி மூடி, கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு நாள் வந்து முழுசாப் பாக்கறேன். வீட்டுல சொல்லாம ஓடி வந்துட்டேன். அந்தக் கிளிக்கு மூக்கு வேலை பாக்கி போல. பாத்து முடிச்சிடுங்க."

வந்தபடியே நிமிர்ந்து நடந்து, காரில் ஏறி, கை அசைத்து மறைந்தார். அவர் தலையில் ஒரு முடியும் குனியவில்லை.

சுமைப்படை கலைந்தது. தச்சர் கதவுகளைக் குடுமியில் ஏற்றிவிட்டு, அலகோடு விடைபெற்றார். புதிய வீட்டில் முதல் இரவு கழிந்து பொழுது புலர்ந்தது. கதிரவன் ஓட்டுக்கூரை மேல் பொன்னுருக்கி ஊற்ற, முற்றத்தில் குருவிகள் கட்டியம் கூற, தூண்கள் நெடுநிழல் விரிக்க, மரபின் புரவலரும் நிலைவாசலின் காவலரும் சகலைகுலக் காலருமான ஓரங்குலனார் மரக்கட்டிலில் முதுகைப் பிடித்தபடி எழுந்து, சமையலறையிலிருந்து வந்த ஒரு குரலுக்கு "வர்றேன்" என்று விடையிறுத்து, இடையில் அளவுநாடா இன்றி, கையில் பாத்திரத்துடன், தாம் காத்த அந்த மாபெரும் வாசலை நோக்கி நடந்தார்.

தினமும் காலையில் அவர்தான் குனிந்து வெளியே போய்ப் பால் எடுத்து வருகிறார்.